கேட்டமரான்: சொல் நம்முடையது, இரட்டையுடல் யாருடையது?

நெய்தல்வாசி | ஜூன் 4, காலை 7.15

வாட்சப்பில் மறுபடியும் சுற்றுகிறது: "உலகின் முதல் இரட்டையுடல் படகைக் கட்டியவன் தமிழன், அதனால்தான் வெள்ளைக்காரன் அதற்குக் கேட்டமரான் என்று பெயர் வைத்தான்." கட்டுமரம்தான் கேட்டமரான் ஆனது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கட்டுமரத்துக்கு ஏது இரண்டு உடல்? கட்டைகளை ஒட்டி அடுக்கிக் கயிற்றால் கட்டியதுதானே அது? ஆங்கிலத்தில் இந்தச் சொல் எப்போது, யார் கையில் பொருள் மாறியது? ஆண்டோடு சொல்லுங்கள்.

சொல்லடைவு | ஜூன் 4, காலை 10.40

சொல் தமிழ். பொருள் மாறியது ஆங்கிலத்துக்குள், 19ஆம் நூற்றாண்டில். இரட்டையுடல் வடிவம் பசிபிக் தீவு மக்களுடையது. இந்த மூன்றையும் தனித்தனியே வைத்துப் பேசினால் குழப்பம் வராது.

முதலில் பழைய பதிவுகள். எனக்குத் தெரிந்தவற்றில் மிகப் பழையது ஆங்கிலமே இல்லை. வெனிஸ் நகரத்து நகை வணிகர் காஸ்பரோ பால்பி 1583 வாக்கில் சாந்தோம் வந்தார். உருண்டை மரங்கள் ஏழைச் சேர்த்துக் கட்டிய மிதவையைப் பார்த்து, அதை 'கத்தமெரோனி' என்று எழுதிவைத்தார். கடைசி 'இ' இத்தாலியப் பன்மை விகுதி; அதைக் கழித்துப் படியுங்கள். ஏழில் ஐந்து மரம் அடிப்பகுதி, நடுவில் ஒன்று மற்றவற்றைவிட நீண்டு தண்ணீரைக் கிழிக்கும், இன்னொன்று பின்பக்கம் தண்ணீருக்குள் கிடக்கும், அதன்மேல் ஆள் உட்காருவான் என்கிறார். இரண்டு உடல் என்ற பேச்சே இல்லை.

ஆங்கிலத்தில் ஜான் ஃப்ரையர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர். 1673ஆம் ஆண்டுப் பயணப் பகுதியில், கட்டைகளைச் சேர்த்துக் கட்டி, நடுவில் ஒரு பாயும் செலுத்தத் துடுப்புகளும் வைத்த மிதவைகள் தங்கள் கப்பலைத் தேடி வந்ததாக எழுதுகிறார். அவர் எழுத்துக்கூட்டலில் இரண்டு 'டி'.

பாய்மரம் | ஜூன் 4, பிற்பகல் 1.05

இணையத்தில் பல இடங்களில் ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர்தான் முதல் என்று இருக்கிறதே. 1697.

சொல்லடைவு | ஜூன் 4, பிற்பகல் 1.50

எழுதிய ஆண்டையும் அச்சான ஆண்டையும் கலப்பதால் வரும் தவறு அது. டாம்பியரின் உலகப் பயண நூல் 1697இல் அச்சானது. ஃப்ரையரின் நூல் 1698இல்தான் அச்சானது, ஆனால் அவர் பார்த்தது 1673. அச்சுக் கணக்கில் டாம்பியர் ஓராண்டு முந்தி. பார்த்து எழுதிய கணக்கில் ஃப்ரையர் முந்தி. எந்த அகராதியைத் திறந்தாலும் மேற்கோளுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆண்டு இந்த இரண்டில் எது என்று பார்த்துவிட்டுத்தான் 'முதல்' என்ற சொல்லைத் தொடவேண்டும்.

டாம்பியர் எழுதியதும் முக்கியம். தென் அமெரிக்க மேற்குக் கடற்கரையின் கட்டை மிதவைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வரும்போது ஒப்பீட்டுக்காகச் சோழமண்டலக் கரையை இழுக்கிறார். அங்கே இவற்றுக்குக் கேட்டமரான் என்று பெயர், ஒரு கட்டை அல்லது இரண்டு, இலேசான மரம், ஒரே ஒரு ஆள்தான் போகலாம், அவன் காலும் இடுப்புக்குக் கீழும் எப்போதும் தண்ணீரில்தான் என்கிறார். அந்த 'இரண்டு கட்டை' என்ற தொடரை மட்டும் வெட்டி எடுத்து "பார், இரட்டையுடல்" என்பவர்கள் இருக்கிறார்கள். அது ஒட்டிக் கட்டிய இரண்டு கட்டை. நடுவே இடைவெளி கிடையாது.

பாய்மரம் | ஜூன் 4, இரவு 9.20

இடைவெளிதான் விஷயமே. கட்டும் முறையிலிருந்து சொல்கிறேன்.

இரட்டையுடல் படகில் ஒவ்வொரு உடலும் குடைந்தோ பலகை அடித்தோ செய்த, உள்ளே காற்று நிற்கும் கூடு. இரண்டையும் அகலத் தள்ளி நிறுத்தி, குறுக்கே விட்டம் போட்டு இணைப்பார்கள். கவிழாமல் நிற்பது அந்த அகலத்தால். மிதப்பது உள்ளிருக்கும் காற்றால். கூட்டில் ஓட்டை விழுந்தால் ஆபத்து.

கட்டுமரத்தில் கூடே இல்லை. மிதப்பது மரத்தின் இலேசால் மட்டும். கட்டைகளின் இடுக்கு வழியாக அலை ஏறி வந்து அப்படியே வடிந்துவிடும். நிரம்பி மூழ்க இடமே இல்லை. அந்தக் காலச் சென்னைக் கரை மாதிரி துறைமுகமில்லாமல் அலை உடைந்துகொண்டே இருக்கும் கரைக்கு இதைவிடப் பொருத்தமான கலம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்க, சரக்கையும் பயணிகளையும் தைத்த பலகைப் படகான மசூலா ஏற்றிப்போகும். மசூலா போக முடியாத கடலிலும் கட்டுமரக்காரர் கடிதத்தைத் தலைக்குல்லாவில் செருகிக்கொண்டு போய்ச் சேர்வார்கள். ஆங்கிலேயர் கடிதங்களில் இந்தச் சொல் திரும்பத் திரும்ப வந்ததற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. கரைக்கும் கப்பலுக்கும் நடுவே தபால் சுமந்த கலத்தின் பெயர் எழுதுகிறவன் பேனாவில் தானாக ஏறும்.

கட்டுமரத்தின் பலவீனமும் மரம்தான். தண்ணீரைக் குடிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 6 மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள கட்டையின் கன அளவு சுமார் 0.42 கன மீட்டர். காய்ந்த நிலையில் அடர்த்தி 0.45 என்றால் கட்டையின் எடை ஏறக்குறைய 190 கிலோ, அது மேலும் தாங்கும் சுமை 230 கிலோ. ஊறி அடர்த்தி 0.7 ஆகிவிட்டால் தாங்குவது 127 கிலோ. பாதிக்குக் கொஞ்சம் மேல். அதனால்தான் கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியே மணலில் போட்டுக் காயவைப்பது. அவிழ்க்கவும் மறுபடி கட்டவும் முடிவதுதான் இந்தக் கலத்தின் உயிர். பெயரில் 'கட்டு' முதலில் நிற்பதும் அதனால்தான்.

நெய்தல்வாசி | ஜூன் 5, காலை 6.50

அந்தக் 'கட்டு' பெயரா, வினையா? கட்டு என்றால் விறகுக் கட்டு போல ஒரு பொருள் இருக்கிறதே.

சொல்லடைவு | ஜூன் 5, காலை 9.15

வினைத்தொகை என்றே கொள்கிறேன். கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் மூன்றுக்கும் பொருந்துகிறது. ஊறுகாய், சுடுசோறு வரிசை. பாய்மரம் சொன்ன 'தினம் அவிழ்த்துக் கட்டுவது' இதற்கு இன்னும் வலுச் சேர்க்கிறது. யூலும் பர்னலும் 1886இல் வெளியிட்ட ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியான ஹாப்சன்-ஜாப்சனில் 'கட்டு' என்பதற்குக் 'கட்டுதல்' என்ற தொழிற்பொருளே தரப்பட்டிருக்கிறது. மூன்று நான்கு கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய மிதவை என்பது அவர்கள் விளக்கம். கடைசி அசையை அழுத்தி ஒலிக்கும் ஆங்கிலோ-இந்திய வழக்கம் சரியில்லை என்று கண்டிக்கவும் செய்கிறார்கள். கண்டித்துப் பயனில்லை, அந்த 'ரான்'மேல் அழுத்தம் வைத்து ஒலிப்பவர்கள் பிரிட்டனில் இன்றைக்கும் உண்டு.

'ரான்' எப்படி வந்தது என்பதைச் சொல்லவேண்டும், எழுத்துத் தமிழை மட்டும் வைத்துப் பார்த்தால் அது விளங்காது. மரம் என்று எழுதுகிறோம், ஆனால் பேச்சில் உதட்டை மூடி 'ம்' சொல்வதில்லை. கடைசி உயிர் மூக்கில் ஒலித்து நின்றுவிடும். பணம், படம், பழம் எல்லாம் அப்படித்தான். வினா 'ஆ' சேர்ந்து 'மரமா?' என்று கேட்கும்போதுதான் 'ம்' உதட்டுக்கு வருகிறது. கரையில் நின்று கேட்ட ஐரோப்பியன் காதில் விழுந்தது மூக்குயிர். போர்த்துகீசியருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் அது சொந்த ஒலி, ஆங்கிலேயர் அதை 'ன்' போட்டு எழுதினார்கள். கொல்லம் போர்த்துகீசியர் வாயில் மூக்குயிரில் முடிந்து, ஆங்கிலத்தில் குயிலான் ஆனதும் இதே தடம்தான்.

நடு உயிருக்கும் இதே கதை. 'கட்டு' என்பதன் கடைசி உகரம் குற்றியலுகரம், உதடு குவியாது. அந்த ஒலிக்கு ஐரோப்பிய எழுத்தில் இடமில்லை. அதனால் 1700ஐ ஒட்டிய பிரெஞ்சு யேசு சபைக் கடிதங்களில் 'கத்திமரோன்', ஆங்கிலத்தில் 'கேட்டமரான்', ஹாப்சன்-ஜாப்சன் தரும் மாற்று வடிவத்தில் 'கட்மரம்' என்று உயிர் விழுந்தே போயிற்று. இகரம், அகரம், ஒன்றுமில்லாமை என மூன்று விடையும் ஒரே குற்றியலுகரத்துக்கு எழுதப்பட்டவை. குற்றியலுகரத்தை அரை மாத்திரை என்று வகுத்த இலக்கணத்துக்கு இதைவிட நல்ல வெளிச்சாட்சி எனக்குத் தெரியாது.

பாய்மரம் | ஜூன் 5, காலை 9.40

கடைசிப் பத்தி அருமை. நானும் ஐரோப்பிய எழுத்தர்களின் கவனக்குறைவு என்றே இதுவரை படித்துவந்தேன்.

நெய்தல்வாசி | ஜூன் 5, இரவு 8.30

சரி, ஒலி தெளிந்தது. பொருள் எங்கே திரும்பியது?

சொல்லடைவு | ஜூன் 6, காலை 10.10

நேராக இரட்டையுடலுக்குப் போகவில்லை. நடுவில் பல கிளைகள் விட்டது.

கிளை ஒன்று, வசை. ஃபிரான்சிஸ் குரோஸ் தொகுத்த கொச்சைச் சொல் அகராதியின் 1811 பதிப்பில் கேட்டமரான் என்றால் வற்றிப்போன கிழவி. கப்பல் உடைந்தால் உயிர் தப்பப் பாய்க்கழிகளைச் சேர்த்துக் கட்டும் மிதவையிலிருந்து வந்தது என்று அங்கேயே காரணமும் இருக்கிறது. பிறகு சண்டைக்காரி என்ற பொருளும் சேர்ந்தது. 1830களில் கேப்டன் மாரியட்டின் கடற்கதையிலேயே இந்த வசை வருகிறது. பூனையைக் குறிக்கும் 'கேட்' முன்னால் இருப்பது சண்டைக்காரிப் பொருளுக்குத் துணைபோயிருக்கும். இழிந்த பயன்பாடுதான். ஆனால் ஒரு பயன் உண்டு: 1811க்குள் இந்தச் சொல் சென்னைக் கரையை விட்டு லண்டன் தெருவுக்கே வந்துவிட்டது என்பதற்குச் சான்று.

கிளை இரண்டு, வெடிகுண்டு. 1804 அக்டோபர் 2. நெப்போலியனின் படையெடுப்புப் படகுகள் பிரெஞ்சுத் துறைமுகமான பூலோனில் குவிந்திருக்கின்றன. அமெரிக்கரான ராபர்ட் ஃபுல்டன் வடிவமைத்த மிதக்கும் வெடிப்பெட்டிகளை பிரிட்டிஷ் கடற்படை அவற்றின்மேல் ஏவியது. சுமார் 21 அடி நீளம், உள்ளே ஈயத்தகடு, நிறைய வெடிமருந்து, கடிகாரப் பொறி, தண்ணீர் மட்டத்துக்கு மேல் தெரியாத அளவு எடை. பெயர் கேட்டமரான். தாழ மிதக்கும் கட்டை போன்ற தோற்றம் என்பதால் பெயர் ஒட்டியது. பெரிய சேதம் எதுவும் விளையவில்லை, ஆனால் பத்திரிகைகளில் பெயர் பரவியது.

பாய்மரம் | ஜூன் 6, காலை 11.00

அந்தத் தாக்குதலிலேயே இரட்டையுடலின் சாயல் ஒன்று இருக்கிறது. வெடிப்பெட்டியைக் கொண்டுபோகிறவனுக்குச் செய்த சிறு மிதவையில் இரண்டு சதுர மரங்களை இணையாகத் தள்ளி வைத்து, நடுவில் குறுக்குச் சட்டம் போட்டு, அதில் ஆள் ஏறக்குறைய முழுக உட்காருவான். அதற்கும் கேட்டமரான் என்றே பெயர். பொருள் திரும்பும் முனையை அங்கேயே வைக்கலாமா?

சொல்லடைவு | ஜூன் 6, பிற்பகல் 12.25

வைக்கமாட்டேன். அந்த மிதவைக்குப் பெயர் வந்தது மரம் என்பதால். இரண்டு என்பதால் வந்திருந்தால், அதே பெயர் பக்கத்தில் இருந்த ஒற்றைப் பெட்டிக்கும் எப்படிப் பொருந்தும்? பொருள் மாற்றத்தைக் காட்ட 'இரண்டு' என்பது பெயரின் நிபந்தனையாக மாறிய சான்று வேண்டும்.

எதிர்ச்சான்றும் இருக்கிறது. வில்லியம் பெட்டி என்ற ஆங்கிலேய அறிஞர் 1660களில் டப்ளினில் இரண்டு உடல் உள்ள கப்பல்களைக் கட்டினார். அவற்றுக்கு 'இரட்டை அடி' என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயர்தான். பசிபிக்கில் ஆங்கிலக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் பயணக்காரர்கள் பார்த்தவை 'இரட்டைத் தோணி'. ஒருவரும் கேட்டமரான் என்று சொல்லவில்லை. கப்பற்படையில் அந்தப் பெயர் பெற்றது, கப்பலுக்கும் துறைச் சுவருக்கும் நடுவே மோதாமல் போட்டுவைக்கும் கட்டை மிதவை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் காட்டு மரம் இழுக்கும் கனத்த பனிச்சறுக்கு வண்டிக்கே இந்தப் பெயர் ஆயிற்று. அந்தப் பொருளில் கடலே இல்லை, மரம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

பாய்மரம் | ஜூன் 7, காலை 7.30

அப்படியானால் திருப்புமுனை ஹெரஷாஃப்.

நதானியல் ஹெரஷாஃப், அமெரிக்காவின் ரோட் ஐலண்டுப் படகு வடிவமைப்பாளர். 1876 ஜூனில் நியூயார்க்கில் நடந்த நூற்றாண்டு விழாப் படகுப் பந்தயத்தில் அமரில்லிஸ் என்ற இரட்டையுடல் பாய்ப்படகை இறக்கினார். ஒற்றையுடல் படகுகளையெல்லாம் வெகுதூரம் பின்னால் விட்டது. மற்றவர்கள் முறையிட, பரிசு மறுக்கப்பட்டது. 1877 ஏப்ரல் 10இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

அதில் நுட்பம் இணைப்பில் இருக்கிறது. இரண்டு உடலையும் விறைப்பாகப் பிணைத்தால், ஒரு உடல் அலை முகட்டிலும் மற்றது பள்ளத்திலும் இருக்கும்போது குறுக்கு விட்டம் முறுக்கிப் பிளக்கும். அவர் பந்துக்கிண்ண மூட்டுகள் வைத்து, ஒவ்வொரு உடலும் தன் போக்கில் முன்னும் பின்னும் ஆடும்படி விட்டார். பழுது குறைந்தது, வேகம் கூடியது. பந்தயச் சங்கங்கள் அந்த வகையையே ஒதுக்கிவைத்ததால் வளர்ச்சி பல பத்தாண்டுகள் தள்ளிப்போயிற்று. அமரில்லிஸைப் பற்றிய பத்திரிகைப் பேச்சில்தான் கேட்டமரான் என்றால் இரட்டையுடல் பாய்ப்படகு என்று பொது வாசகருக்குப் பதிந்தது.

சொல்லடைவு | ஜூன் 7, காலை 8.45

ஏற்கிறேன். ஒரு திருத்தம்: 1876இல் 'தொடங்கியது' என்று எழுதவேண்டாம், 'நிலைபெற்றது' என்று எழுதுங்கள். பழைய மிதவைப் பொருளும் அதற்குப் பிறகு கூடவே ஓடியது. 1886இல் ஹாப்சன்-ஜாப்சனுக்குக் கேட்டமரான் என்றால் இன்னும் கட்டைகள்தான்.

நெய்தல்வாசி | ஜூன் 7, இரவு 10.05

டிரைமரான் என்கிறார்களே, அது?

சொல்லடைவு | ஜூன் 8, காலை 9.30

இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பகுதி அதுதான்.

1940களில் உக்ரைனில் பிறந்த அமெரிக்கர் விக்டர் செச்செட் மூன்று உடல் படகுகளைக் கட்டினார், டிரைமரான் என்ற பெயரை உண்டாக்கியவர் அவர் என்பது பொதுவான கருத்து. கேட்டமரான் ஆங்கிலக் காதுக்குப் பிரிக்க முடியாத ஒற்றைச் சொல். 'இரண்டு உடல்' என்ற பொருள் ஏறிய பிறகு, முன்பாதி இரண்டையும் பின்பாதி உடலையும் குறிப்பதாகக் கொண்டு வெட்டினார்கள். முன்பாதியை எறிந்துவிட்டு மூன்றுக்கான 'டிரை'யை ஒட்டினார்கள். இன்று ஐந்து உடலுக்குப் பென்டாமரானும் உண்டு. 'மரான்' ஆங்கிலத்தில் விகுதிபோல் ஆகிவிட்டது.

இப்படித் தப்பாக வெட்டுவது ஆங்கிலத்தில் வழக்கமானது. ஹாம்பர்க் நகரத்தின் பெயரில் 'எர்' சேர்ந்தது ஹாம்பர்கர், அதை 'ஹாம்' என்றும் 'பர்கர்' என்றும் வெட்டிச் சீஸ்பர்கர் செய்தார்கள். அங்கே வெட்டு ஊர்ப்பெயரின் நடுவில் விழுந்தது. கேட்டமரானில் வெட்டு கட்டுக்கும் மரத்துக்கும் இடையே, சரியாகத் தமிழ்ச் சொல் சேர்ந்த இடத்திலேயே விழுந்தது. தமிழ் தெரியாமல் வெட்டியும் தமிழ்த் தொகைச்சொல் சிதையவில்லை. டிரைமரானைத் தமிழில் திருப்பினால் 'மும்மரம்'. சொன்னவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

கெட்டது 'கட்டு'தான். அது சுருங்கிக் 'கேட்' ஆயிற்று. ஹோபி கேட், பவர் கேட் எல்லாம் அந்தக் 'கட்டு'வின் மிச்சம்.

பாய்மரம் | ஜூன் 8, காலை 10.15

ஹோபி கேட் பற்றி ஒரு வரி. 1960களின் இறுதியில் கலிஃபோர்னியாவில் ஹோபி ஆல்ட்டர் அதைக் கொண்டுவந்தபோது நோக்கம், துறை இல்லாமல் மணலிலிருந்தே அலைக்குள் தள்ளி இறக்கும் படகு. நம் கரையில் கட்டுமரம் செய்த அதே வேலை. வடிவம் வேறு, வேலை ஒன்று.

நெய்தல்வாசி | ஜூன் 8, மாலை 6.40

'கேட்' என்ற பழைய ஆங்கிலக் கப்பல் வகை உண்டு, கேட்டமரான் அதிலிருந்து வந்தது என்று ஒருவர் வேறு குழுவில் வாதிடுகிறார். குக்கின் எண்டவர் கப்பல் அந்த வகையாம்.

சொல்லடைவு | ஜூன் 8, இரவு 9.00

எண்டவர் அந்த வகை என்பது சரி. நிலக்கரி சுமந்த வட கடல் கப்பல் வகை அது. ஒற்றைப் பாய்மரக் 'கேட்போட்' என்றும் ஒன்று உண்டு. இரண்டுக்கும் கேட்டமரானோடு உறவில்லை. கிரேக்க முன்னொட்டு என்பாரும் உண்டு, அதற்கும் ஒரு பதிவும் கிடையாது. தொடக்கப் பதிவுகள் அனைத்தும் சோழமண்டலக் கரையைச் சுட்டுகின்றன, அத்தனையும் கட்டிய கட்டையை விவரிக்கின்றன. வேறு மூலம் சொல்கிறவர் அதே காலத்தில் வேறு இடத்துப் பதிவு ஒன்றாவது காட்டட்டும்.

தேடுகிறவர்களுக்கு: மின்னாவணக் காப்பகத்தில் ஒரே எழுத்துக்கூட்டலைத் தட்டிவிட்டு நிற்காதீர்கள். ஒற்றை 'டி', இரட்டை 'டி', நடுவில் 'ஏ', 'ஐ', 'யு', முடிவில் 'என்', 'எம்' எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். கிடைத்ததும் அந்தப் பதிப்பு எந்த ஆண்டுடையது என்று தலைப்புப் பக்கத்தில் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டு மறுபதிப்புகள் பழைய எழுத்துக்கூட்டலைத் திருத்திவிடும். பிறகு அந்த வாக்கியத்தில் இடைவெளி விட்ட இரண்டு உடல் இருக்கிறதா, ஒட்டிக் கட்டிய கட்டையா என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றாவது வேலையைச் செய்யாததால்தான் வாட்சப் வாக்கியம் பிறக்கிறது.

பாய்மரம் | ஜூன் 9, காலை 7.10

இன்னொன்று. இரண்டு தோணியை இணைத்து மேலே தளம் போட்ட கலத்துக்கு நம்மிடம் தனிப் பெயரே இருந்தது: சங்கடம், சங்காடம். துன்பம் என்னும் சங்கடம் வேறு. மலையாளத்தில் சங்ஙாடம். ஆற்றிலும் காயலிலும் ஆளையும் வண்டியையும் கடத்தியது. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளூஸ் இந்தக் கரையில் 'சங்காரா' என்ற பெரிய கலங்களைச் சொல்கிறது, ஒற்றை மரக்கலங்களைச் சேர்த்துக் கட்டியவை என்று. ஆங்கிலோ-இந்தியரின் 'ஜங்கார்' இதே குடும்பம். இரட்டைக் கலத்தில் தமிழர் பங்கைப் பேசவேண்டும் என்றால் அங்கே தோண்டவேண்டும்.

நெய்தல்வாசி | ஜூன் 9, காலை 11.30

கடைசிக் கேள்வி. 2024 பிப்ரவரியில் தூத்துக்குடி விழாவில் தொடங்கிவைத்த ஹைட்ரஜன் படகு, கொச்சியில் கட்டியது, இரட்டையுடல். அதைத் தமிழில் கட்டுமரம் என்று எழுதலாமா?

சொல்லடைவு | ஜூன் 9, பிற்பகல் 12.05

கூடாது. இரட்டையுடல் படகு என்று எழுதுங்கள், இல்லையென்றால் கேட்டமரான் என்றே விடுங்கள். கட்டுமரம் என்றால் கரையில் இன்னும் சிலர் கட்டுகிற அந்தக் கலம் மட்டுமே. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு ஃபைபர் படகுகள் வந்து குவிந்ததில் அது மிகவும் அருகிவிட்டது. மரத்தைத் தேர்ந்து, முன்பக்கத்து அணியக் கட்டை செதுக்கி, கயிறு போடத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே அவர்கள் ஒவ்வொரு கட்டைக்கும் ஒவ்வொரு முடிச்சுக்கும் சொல்லும் பெயரை ஊர்வாரியாக எழுதி வாங்கவேண்டும். அடுத்த இழை அதற்காகத் திறக்கிறேன். குமரி, தூத்துக்குடி, நாகை, சென்னை நான்குக்கும் தனித்தனிப் பட்டியல்.

பாய்மரம் | ஜூன் 9, பிற்பகல் 12.20

நாகையில் கோலா மீனுக்கென்றே ஓடிய பெரிய வகையான கோலாமரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெட்ராஸ் மீன்வளத் துறையின் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹார்னல் 1920இல் வெளியிட்ட இந்தியப் படகு வடிவங்கள் பற்றிய ஆய்வில் அதைத் தனி வகையாகவே பிரித்திருக்கிறார். பட்டியலை அங்கிருந்து தொடங்கினால் ஒப்பிட வசதி.